560 கிலோ வண்டிக்கு நான்கு பிஸ்டன் காலிப்பர் தேவையா? டிராக் டேக்கான பிரேக் மாற்றம்

பசுமலை (இழையைத் தொடங்கியவர்)
சனிக்கிழமை, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். பசுமலையில் வீட்டுக் கொட்டகைக்குள் மூன்று ஆண்டுகளாக நான் கட்டிவரும் திறந்த இரண்டு இருக்கை வண்டியைப் பற்றி முன்பே இங்கு எழுதியிருக்கிறேன். சதுரக் குழாயில் பற்றவைத்த சட்டகம், மாருதி ஜிப்ஸியின் 1300 சிசி இன்ஜினும் கியர்பாக்ஸும், ஆம்னியின் பின் ஆக்சிலும் டிரம் பிரேக்கும், எஸ்டீமின் முன் நக்கிள் (வீலைத் தாங்கும் பாகம்), டிஸ்க், காலிப்பர் (பேட் என்ற உராய்வுக் கட்டையால் டிஸ்க்கை இறுக்கிப் பிடிப்பது), 13 அங்குல வீல். திருமங்கலம் சாலையிலுள்ள எடை மேடையில் ஏற்றியபோது, ஓட்டுநர் இல்லாமல் 560 கிலோ காட்டியது.

சென்ற வாரம் முதல் முறையாக அதைப் பதினான்கு அடி ஈச்சர் லாரியில் ஏற்றி, ஒட்டன்சத்திரம், தாராபுரம், பல்லடம் வழியாகக் கோவை செட்டிபாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்கு, சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்கும் டிராக் டேக்காகக் கொண்டு போனேன். இன்ஜினிலோ சஸ்பென்ஷனிலோ குறை எதுவும் இல்லை. பிரேக்தான் என்னைப் பயமுறுத்திவிட்டது. முதல் சுற்றிலிருந்தே பெடல் கல்லை மிதிப்பது போல இருந்தது. காலின் முழு பலத்தையும் கொடுத்தும் வண்டி சாவகாசமாகத்தான் வேகம் குறைந்தது. நான்காவது சுற்றில் லைனிங் கருகும் வாடை வந்தது. ஐந்தாவது சுற்றில், நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் மிதித்தபோது பெடல் எந்தத் தடையும் இல்லாமல் தரைவரை போய்விட்டது. இரண்டு முறை வேகமாக மிதித்துப் பார்த்ததில் கொஞ்சம் பிடித்தது; வளைவைத் திருப்ப முடியாமல் புல்தரைக்குள் நேராகப் போய் நின்றேன். யாருக்கும் அடியில்லை, வண்டிக்கும் சேதமில்லை.

இப்போது என் யோசனை, 280 மி.மீ. டிஸ்க்கும் நான்கு பிஸ்டன் காலிப்பரும் போட்டுவிடுவது. அவை 13 அங்குல வீலுக்குள் அடங்காது என்பதால் 15 அங்குல வீலும் டயரும் வாங்க வேண்டும். டிஸ்க், காலிப்பர், முன் பிராக்கெட், வீல், டயர் எல்லாம் சேர்த்தால் செலவு ஒரு லட்சத்தைத் தாண்டும். பணத்தை எடுத்து வைப்பதற்கு முன், அனுபவம் உள்ளவர்களின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.


கப்பலூர் லேத்
சனிக்கிழமை, இரவு 10.25

தம்பி, முதலில் நீங்கள் நலமாகத் திரும்பியதில் மகிழ்ச்சி. உங்கள் பதிவில் நீங்கள் ஒரே குறையைச் சொல்வதாக நினைக்கிறீர்கள். நான் படித்தவரையில் அதில் இரண்டு குறைகள் இருக்கின்றன. பெடல் கல்லாக இருந்து வண்டி நிற்காதது ஒன்று. பெடல் தரைக்குப் போனது இன்னொன்று. முன்னதற்குக் காரணம் அழுத்தம் போதாதது அல்லது பேட் பிடிக்காதது. பின்னதற்குக் காரணம் லைனுக்குள் ஆவியோ காற்றோ இருந்தது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால், எத்தனை பிஸ்டன் காலிப்பர் வாங்கினாலும் இரண்டும் தீராது.

எனவே சில விவரங்கள் வேண்டும். பூஸ்டர் (கால் பலத்தைப் பெருக்கிக் கொடுப்பது) இருக்கிறதா? மாஸ்டர் சிலிண்டரின் (பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக்குவது) அளவு என்ன? பெடலின் சுழல் முனையிலிருந்து காலடித் தட்டு வரை எத்தனை சென்டிமீட்டர், சுழல் முனையிலிருந்து தள்ளுகம்பி வரை எத்தனை சென்டிமீட்டர் என்று டேப் வைத்து அளந்து எழுதுங்கள். என்ன பிரேக் ஆயில் ஊற்றினீர்கள், எப்போது ஊற்றினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நாளைக் காலையில் முன் காலிப்பரின் பிளீடர் நிப்பிளை (காற்றை வெளியேற்றும் திருகு) திறந்து, அரை டம்ளர் ஆயிலைக் கண்ணாடி போன்ற தண்ணீர் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள்.


பசுமலை
ஞாயிற்றுக்கிழமை, காலை 11.10

அண்ணன் கேட்ட விவரங்கள் இதோ.

இன்ஜின் பக்கவாட்டில் இடம் இல்லாததால் பூஸ்டரைக் கழற்றிவிட்டு, மாஸ்டர் சிலிண்டரை நேராகத் தீச்சுவரில் போல்ட் செய்துவிட்டேன். சிலிண்டர் இரட்டை அறை கொண்டது. வார்ப்பில் 13/16 அங்குலம் என்று பொறித்திருக்கிறது, அதாவது 20.64 மி.மீ. ஒரு அறை முன் வீல்களுக்கும் மற்றது பின் வீல்களுக்கும் போகிறது. பெடல் பழைய காரிலிருந்து எடுத்து வெட்டிப் பற்றவைத்தது. சுழல் முனையிலிருந்து காலடித் தட்டு 28 செ.மீ., தள்ளுகம்பி 7 செ.மீ.

ஆயில் டாட் 3 (பிரேக் ஆயிலின் தரக் குறியீடு). சட்டகம் முதலில் உருண்டு நகர்ந்த சமயத்தில், சரியாக இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஊற்றியது. காலையில் நிப்பிளைத் திறந்து பிடித்தேன். புதிதாக இருக்கும்போது தேன் போல் வெளிறியிருந்த ஆயில், இப்போது கட்டன் சாயா நிறத்தில் இருக்கிறது. முதல் இரண்டு மிதிப்பில் கடுகளவு குமிழிகள் குழாய்க்குள் வரிசையாக வந்தன. பாட்டிலை அசையாமல் வைத்தபின் அடியில் கறுப்புத் தூள் படிந்தது. பேட்டைக் கழற்றினேன், விளிம்பு பொரிந்து, நகத்தால் சுரண்டினால் சாம்பலாக உதிர்கிறது. டிஸ்க்கின் வெளி விளிம்பில் மட்டும் நீலச் சாயல் தெரிகிறது.


தல்லாகுளம்
ஞாயிற்றுக்கிழமை, மதியம் 2.05

பாட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. டாட் 3 ஆயிலுக்கு, புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி என்பது தரவிதி, தண்ணீர் 3.7 சதவீதம் சேர்ந்துவிட்டால் அது 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4 ஆயிலுக்கு இந்த எண்கள் 230, 155. டாட் 5.1 ஆயிலுக்கு 260, 180. இந்த மூன்றும் கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் வகையைச் சேர்ந்தவை என்பதால், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகக்கூட ஈரம் உள்ளே போகும். உங்கள் ஆயில் இரண்டு ஐப்பசி, கார்த்திகை மழையைப் பார்த்திருக்கிறது. சாலையில் ஓட்டியிருந்தால் இன்னும் ஒரு வருடம்கூட அது உங்களிடம் குறை சொல்லாமல் ஓடியிருக்கும். டிராக்கில் ஐந்தாவது சுற்றில் காலிப்பருக்குள்ளிருந்த ஆயில் கொதித்து, குமிழி கிளம்பி, நீங்கள் கொடுத்த மிதியெல்லாம் அந்தக் குமிழியை அமுக்குவதில் போய்விட்டது. இரண்டு முறை வேகமாக மிதித்ததும் கொஞ்சம் பிடித்ததாக எழுதியிருக்கிறீர்களே, அதுவும் இதையேதான் உறுதி செய்கிறது.

டாட் 5 என்ற பெயரைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம். அது சிலிக்கான் ஆயில். மற்றவற்றோடு கலக்கக் கூடாது. பெயர் 5.1-ஐப் போலிருப்பதால் கடையில் தவறாகக் கொடுத்துவிட வாய்ப்புண்டு. டப்பாவைப் படித்து வாங்குங்கள். டிராக்குக்கு என்றே தயாராகும் ஆயில்களில் மோட்டுல் ஆர்பிஎஃப் 600 என்பதன் உலர் கொதிநிலை 312 டிகிரி. ஒரு லிட்டர் போதும்.


ஒத்தக்கடை
ஞாயிற்றுக்கிழமை, மாலை 6.30

ஆயிலை மாற்றுவது அவசியம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் பெரிய பிரேக் வேண்டாம் என்று யாரும் அவசரப்பட்டு முடிவு செய்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆயில் ஏன் கொதித்தது? டிஸ்க் சூடேறியதால். டிஸ்க் ஏன் சூடேறியது? அதில் இரும்பு போதாததால். பெரிய டிஸ்க்கில் இரும்பு அதிகம், பேட்டின் பரப்பும் அதிகம், சக்கரத்தின் மையத்திலிருந்து தூரமும் அதிகம் என்பதால், அதே அழுத்தத்துக்கு அதிகத் திருப்புவிசை கிடைக்கும். நான் ஹாட்ச்பேக் ஒன்றில் பெரிய டிஸ்க் போட்ட பிறகுதான் இருபது நிமிட ஓட்டத்தை முழுதாக முடித்திருக்கிறேன். இதில் மிச்சம் பிடிப்பது சரியல்ல என்பது என் உறுதியான எண்ணம்.


தல்லாகுளம்
ஞாயிற்றுக்கிழமை, இரவு 8.15

ஒத்தக்கடை அண்ணனின் கேள்வி நியாயமானது. அதற்குக் கணக்கில்தான் பதில் சொல்ல வேண்டும்.

வண்டி, ஓட்டுநர், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 650 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 130 கி.மீ. வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் சுமார் 424 கிலோ ஜூல். 60 கி.மீ. வேகத்தில் 90. எனவே அந்த ஒரு மிதிப்பில் பிரேக் விழுங்க வேண்டியது ஏறத்தாழ 334 கிலோ ஜூல். அதில் எழுபது சதவீதம் முன்னால் போகிறது என்றால், ஒரு டிஸ்க்குக்கு 117. டிஸ்க்கில் வேலை செய்யும் வளையம் மட்டும் 3 கிலோ இருந்தால், ஒரு டிகிரி ஏற 1.5 கிலோ ஜூல் பிடிக்கும். ஆக ஒரு கனத்த மிதிப்புக்கு 78 டிகிரி ஏறுகிறது. அடுத்த வளைவுக்குள் காற்று அதில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்கிறது. மிச்சம் சேர்ந்துகொண்டே போய், எங்கோ ஓர் இடத்தில் ஏற்றமும் இறக்கமும் சமமாகி நிற்கும்.

இதே டிஸ்க்கை 1000 கிலோ வண்டியில் போட்டு, முன்னால் எண்பது சதவீத வேலையைக் கொடுத்தால், அதே மிதிப்பில் டிஸ்க் ஒன்றுக்கு 205 கிலோ ஜூல் வரும். 137 டிகிரி ஏறும். ஒத்தக்கடை அண்ணன் ஓட்டியது அந்த மாதிரி வண்டி. அவருக்குப் பெரிய டிஸ்க் தேவைப்பட்டதில் வியப்பில்லை. பசுமலைத் தம்பியின் வண்டியில், அந்தப் பழைய டிஸ்க் தன் வாழ்நாளிலேயே மிகக் குறைந்த சுமையைத்தான் சுமக்கிறது. மேலும் அவருடைய முன் வீல்கள் உடலுக்கு வெளியே, மட்கார்டு மட்டும் மூடியபடி, நேராகக் காற்றில் நிற்கின்றன. மூடிய காரில் குழாய் வைத்துக் காற்றை இழுத்து வந்தாலும் இந்தக் குளிர்ச்சி கிடைப்பது கடினம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெரிய டிஸ்க், பெரிய வீல் எல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை. இரண்டு டன் வண்டியில் பக்கத்துக்கு ஐந்து கிலோ கூடினால் தெரியாது. 560 கிலோ வண்டியில் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் டயர் தரையை விட்டுத் துள்ளுவது கைக்குத் தெரியும். மூன்று ஆண்டுகள் அரும்பாடுபட்டுக் குறைத்த எடையை, சேர்க்கக் கூடாத இடத்தில் சேர்ப்பதாகிவிடும்.

எஸ். கரிவரதன் கோவையில் மாருதி 800-இன் பாகங்களை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளைக் கட்டியபோது, சிறிய பாகங்களும் குறைந்த எடையும் சேர்ந்தால் சாமானியரும் பந்தயம் ஓட்டலாம் என்பதைக் காட்டினார். நீங்கள் புல்லில் இறங்கிய அந்தத் தடம் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. எனவே எடை குறைந்த வண்டிக்குச் சிறிய பிரேக் போதும் என்பது நம் பக்கத்தில் புதிய செய்தி அல்ல.


கப்பலூர் லேத்
திங்கட்கிழமை, காலை 6.50

நான் இப்போது முதல் குறைக்கு வருகிறேன், அதாவது கல்லைப் போன்ற பெடல்.

28-ஐ 7-ஆல் வகுத்தால் 4. பூஸ்டர் உள்ள காருக்கு இந்தப் பெடல் விகிதம் சரி. ஏனென்றால் பூஸ்டர் உங்கள் கால் பலத்தைப் பல மடங்காக்கிக் கொடுத்துவிடும். பூஸ்டரைக் கழற்றிவிட்டுப் பெடலை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டதில்தான் தவறு நேர்ந்திருக்கிறது. உங்கள் கால் 40 கிலோ கொடுக்கிறது என்று கொள்ளுங்கள். நான்கால் பெருக்கினால் 160. 20.64 மி.மீ. சிலிண்டரின் பரப்பு 3.35 சதுர செ.மீ. ஆகவே லைனில் அழுத்தம் சதுர செ.மீட்டருக்கு 48 கிலோ மட்டுமே.

இப்போது தள்ளுகம்பியின் துளையைச் சுழல் முனையிலிருந்து 5.1 செ.மீ. தூரத்துக்கு மாற்றினால் விகிதம் 5.5 ஆகிறது. சிலிண்டரை 19.05 மி.மீட்டராக, அதாவது முக்கால் அங்குலமாக, மாற்றினால் பரப்பு 2.85. 40-ஐ 5.5-ஆல் பெருக்கி 2.85-ஆல் வகுத்தால் 77. அதே கால், அதே காலிப்பர், அதே டிஸ்க். அழுத்தம் அறுபது சதவீதம் கூடுகிறது. இதற்குத் தேவை ஒரு சிலிண்டரும் பெடலில் ஒரு புதிய புஷ்ஷும்தான்.

இதற்கு விலையும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். அழுத்தம் எவ்வளவு கூடுகிறதோ அதே அளவு பெடலின் ஓட்டமும் கூடும். இதுவரை 3 செ.மீ. இறங்கிய பெடல் இனி ஏறக்குறைய 5 செ.மீ. இறங்கும். அதற்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள். துளை போடும்போது பெடல் தண்டைப் பற்றவைத்த இடத்துக்கு அருகே போட வேண்டாம். புதிதாக 8 மி.மீ. தகட்டில் பெடலையே வெட்டிக்கொள்வது மேல். பிரேக் பெடல் முறிந்தால் அதற்கு மாற்று எதுவும் வண்டியில் கிடையாது. தகட்டைக் கொண்டு வாருங்கள், புஷ்ஷை நான் கடைந்து தருகிறேன்.

பெடலை இறுக்கமாக்க வேண்டும் என்று பெரிய மாஸ்டர் சிலிண்டர் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெடல் இறுகும், பிரேக் குறையும். நிறையப் பேர் அந்த இறுக்கத்தையே நல்ல பிரேக் என்று எண்ணிக்கொள்கிறார்கள்.


விளாங்குடி
திங்கட்கிழமை, இரவு 9.05

இதுவரை யாரும் தொடாத ஒன்றைப் பற்றி எழுத வேண்டும். முன் பின் பங்கீடு, அதாவது பிரேக்கின் வேலையை முன் வீலுக்கும் பின் வீலுக்கும் பிரித்துக் கொடுப்பது, அதுதான் இந்த வண்டியின் அடிப்படைக் கோளாறு என்று நினைக்கிறேன்.

முன் வீல் ஓட்டும் சிறிய காரில், சும்மா நிற்கும்போதே அறுபது சதவீதத்துக்கு மேல் எடை முன்னால் இருக்கும். பிரேக் பிடித்தால் இன்னும் முன்னால் சரியும். அந்தக் காரைச் செய்தவர்கள், பின் வீல் முன்கூட்டியே ஜாம் ஆகிவிடக் (உருளாமல் இறுகிவிடக்) கூடாது என்பதற்காக எண்பது சதவீதம்வரை வேலையை முன்னால் கொடுத்திருப்பார்கள். அது அந்தக் காருக்குச் சரி. பசுமலைத் தம்பியின் வண்டியில் இன்ஜின் பின்னோக்கித் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, இருக்கையோ பின் ஆக்சிலை ஒட்டி இருக்கிறது. ஓட்டுநருடன் முன்னால் 48 சதவீதம், அதாவது 312 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எடை மையம் தரையிலிருந்து 45 செ.மீ., வீல்பேஸ் 2.3 மீட்டர் என்றால், 0.9 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தின் 0.9 மடங்கு) அளவில் பிரேக் பிடிக்கும்போது முன்னால் சரிவது 114 கிலோ. அப்போது முன்னால் 426, பின்னால் 224. பங்கு 66-க்கு 34.

இப்போது பாருங்கள். டயர்கள் கேட்பது 66. முன் டிஸ்க்குக்குப் போவது 80 அல்லது அதற்கு மேல். பின் டிரம்மோ பாதி வேலைகூடச் செய்யாமல் குளிர்ந்தே இருக்கிறது. உங்கள் முன் பேட் சாம்பலானதற்கும் ஆயில் கொதித்ததற்கும் இதிலும் பங்குண்டு. இந்த நிலையில் முன்னால் நான்கு பிஸ்டன் காலிப்பர் போட்டால் என்ன ஆகும்? உங்கள் ஒற்றைப் பிஸ்டன் 48 மி.மீ. இருக்குமானால் அதன் பரப்பு 18.1 சதுர செ.மீ. 38 மி.மீ. பிஸ்டன்கள் பக்கத்துக்கு இரண்டு என்றால் 22.7. முன்னால் பிடிமானம் நான்கில் ஒரு பங்கு மேலும் கூடும். கெட்டுப்போன பங்கீடு இன்னும் கெடும். ஒரு லட்ச ரூபாய் செலவழித்து, முன் வீல் சீக்கிரம் ஜாம் ஆகி, வண்டி நிற்க முன்பைவிட அதிக தூரம் எடுத்துக்கொள்ளக்கூடும்.

செய்ய வேண்டியது பின்னால். பின் லைனில் பழைய காரின் அழுத்தக் குறைப்பு வால்வு இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் இடத்தில் கையால் திருகக்கூடிய வால்வு ஒன்றைப் போடுங்கள். அதுவும் போதாவிட்டால், பின் வீல் சிலிண்டரை அளந்து ஒரு படி பெரிய துளை கொண்டதை மாற்றலாம். பின்னாளில் இரண்டு மாஸ்டர் சிலிண்டரும் நடுவே சமநிலைக் கம்பியும் வைத்துக் கட்டினால், முன் பின் பங்கை இருக்கையில் அமர்ந்தபடியே திருகி மாற்றலாம். எதைச் செய்தாலும் ஒரு விதியை மீறக் கூடாது: முன் வீல்தான் முதலில் ஜாம் ஆக வேண்டும். முன் வீல் ஜாம் ஆனால் வண்டி நேராகப் போகும். பின் வீல் முதலில் ஜாம் ஆனால் வண்டி பம்பரமாகச் சுற்றும். எனவே பின்னால் ஒரு நேரத்தில் கால் திருகு மட்டும் கூட்டுங்கள்.


பசுமலை
செவ்வாய்க்கிழமை, இரவு 10.30

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கொட்டகைக்குப் போய்ப் படுத்துப் பார்த்தேன். விளாங்குடி ஐயா சொன்ன அந்த வால்வு பின் லைனில் அப்படியே இருக்கிறது. பழைய காரில் இருந்ததால் இதிலும் வேண்டும் என்று எண்ணிப் போட்டேன். பெரிய காலிப்பர் வாங்கும் எண்ணத்தை இப்போதைக்குத் தள்ளி வைக்கிறேன்.


திருப்பரங்குன்றம்
புதன்கிழமை, காலை 8.00

நானும் இப்படி ஒரு வண்டி கட்ட ஆசைப்படுபவன், வயதில் சிறியவன். பங்கீட்டைச் சரிபார்க்க ஒவ்வொரு முறையும் கோவைக்குப் போக வேண்டுமா? நத்தம் சாலை மேம்பாலம் ஏழு கிலோ மீட்டருக்கு மேல் நேராக இருக்கிறது. அதிகாலை நான்கு மணிக்கு ஆளே இருப்பதில்லை. அங்கே இரண்டு ஓட்டம் பார்த்துவிட முடியாதா?


கப்பலூர் லேத்
புதன்கிழமை, காலை 8.20

கூடாது, தம்பி. இதை நான் அன்போடும் கண்டிப்போடும் சொல்கிறேன். இந்த வண்டிக்குப் பதிவு எண் இல்லை, காப்பீடு இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரம் தயாரிப்பாளர் தந்த விவரத்துக்கு மாறாகும்படி பதிவான வண்டியைக்கூட மாற்ற விடுவதில்லை. நாமே பற்றவைத்த வண்டிக்குச் சாலையில் இடமே இல்லை. சட்டத்தை விடுங்கள். பின் வீல் முதலில் ஜாம் ஆகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் சோதனை. அப்படியானால் வண்டி சுற்றப்போகும் ஒரு நொடிக்காகவே நாம் அங்கே போகிறோம். மேம்பாலத்தில் இரண்டு பக்கமும் சுவர். அதிகாலை நான்கு மணிக்குப் பால்காரரும் பூ மூட்டை ஏற்றி வருபவரும் அந்த வழியாகத்தான் மாட்டுத்தாவணிக்குப் போகிறார்கள்.

பங்கீட்டைப் பார்க்க வேகம் தேவையில்லை. மதில் சூழ்ந்த தனியார் களம் ஏதாவது ஒன்றில் அனுமதி பெற்று, 40 கி.மீ. வேகத்தில் ஓட்டி, பக்கத்தில் நண்பர் ஒருவரை வீடியோ எடுக்கச் சொல்லி எந்த வீல் முதலில் நிற்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மீதிப் பாதியைத் தடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.


திருப்பரங்குன்றம்
புதன்கிழமை, காலை 8.45

புரிந்தது அண்ணா. பால் வண்டியை நான் நினைக்கவில்லை. இனி அந்த எண்ணம் இல்லை.


ஒத்தக்கடை
புதன்கிழமை, மாலை 7.10

கணக்கைப் பார்த்தபின் டிஸ்க் விஷயத்தில் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். என் வண்டியின் அனுபவத்தை அவருடைய வண்டிக்கு அப்படியே பொருத்திவிட்டேன். பேட் விஷயத்தில் மட்டும் ஒரு வார்த்தை. சாலைக்கான பேட் குளிரில் நன்றாகப் பிடிக்கும், சூடேறினால் கைவிடும். முழுப் பந்தய பேட்டோ சூடேறினால்தான் பிடிக்கும். எடை குறைந்த வண்டியில் அந்தச் சூடு வரவே வராமல் போகலாம். எனவே நடுத்தர வகையை வாங்குங்கள். வாங்கியதும் பழக்குவதை மறக்க வேண்டாம். தடத்தில் முதல் ஓட்டத்தை அதற்காகவே ஒதுக்கி, 100-லிருந்து 40 வரை எட்டுப் பத்து முறை, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதல் அழுத்தத்துடன் பிடியுங்கள். முழுதாக நிறுத்திவிடாதீர்கள். பிறகு ஆறவிடுங்கள். புதிய பேட்டிலிருந்து முதலில் வெளிவரும் வாயு, டிஸ்க்குக்கும் பேட்டுக்கும் நடுவில் நின்று வழுக்கும்; பழக்காமல் போனால் முதல் கனத்த மிதிப்பிலேயே அதைச் சந்திப்பீர்கள்.


பசுமலை
ஐந்து வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, இரவு 11.20

நேற்று மறுபடியும் செட்டிபாளையம் போய்வந்தேன். அசதி இருக்கிறது, ஆனாலும் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

செய்தவை: கப்பலூர் அண்ணன் பட்டறையில் 8 மி.மீ. தகட்டில் புதிய பெடல், 5.5 விகிதம். முக்கால் அங்குல மாஸ்டர் சிலிண்டர். நான்கு வீலுக்கும் எஃகு வலை போர்த்திய ஹோஸ். பழைய ஆயில் முழுதும் வெளியே, 312 டிகிரி ஆயில் உள்ளே. நடுத்தர பேட். பின் லைனில் திருகு வால்வு. பழைய டிஸ்க்கை மாற்றவில்லை. இரண்டு பக்கமும் லேத்தில் ஒரு சிறு வெட்டு மட்டும். எல்லாம் சேர்த்து, முதலில் நான் நினைத்த செலவில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

லைனிலிருந்து ஏர் எடுப்பதற்கு மட்டும் இரண்டு மாலைப் பொழுதுகள் ஆயின. என் மனைவி பெடலை மிதிக்க, நான் நிப்பிளைத் திறந்து மூடினேன். முன் காலிப்பர்களில் எத்தனை முறை எடுத்தும் ஒரு மென்மை மிச்சமிருந்தது. காலிப்பர்களை இடது வலது மாற்றிப் பூட்டியிருந்ததால் நிப்பிள் கீழ்ப்பக்கம் இருந்தது என்பதை இரண்டாம் நாள்தான் கண்டேன். மேல்பக்கம் தங்கிய காற்று எப்படி வெளியே வரும்? மாற்றிப் பூட்டியதும் பத்து நிமிடத்தில் பெடல் கெட்டியானது.

டிஸ்க்கின் விளிம்பில் வெப்பம் காட்டும் மூன்று வண்ணக் கோடுகளைப் பூசியிருந்தேன்; பச்சை 430 டிகிரியிலும் ஆரஞ்சு 560 டிகிரியிலும் சிவப்பு 610 டிகிரியிலும் நிறம் மாறுபவை. பதினைந்து நிமிட ஓட்டம் மூன்று ஓட்டினேன். பச்சை வெளுத்துவிட்டது. ஆரஞ்சு அப்படியே இருக்கிறது. அதாவது டிஸ்க் 430-க்கும் 560-க்கும் நடுவே எங்கோ நின்றிருக்கிறது. கடைசிச் சுற்றில் பெடல் எவ்வளவு இறங்கியதோ அதுதான் முதல் சுற்றிலும் இறங்கியது. நேர்ப்பாதையின் முடிவில், சென்ற முறை புல்லில் இறங்கிய அதே இடத்தில், சென்ற முறையைவிட ஏறக்குறைய இருபது மீட்டர் தள்ளிப் பிரேக் பிடித்தும் வளைவுக்குள் நிம்மதியாகத் திரும்பினேன். அந்த முதல் முறை, ஹெல்மெட்டுக்குள் என்னை அறியாமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

திருகு வால்வை மூன்று கால் திருகு பின்பக்கம் கூட்டினேன். நான்காவது கால் திருகில், பிரேக் பிடித்தபடியே நுழையும் வளைவு ஒன்றில் பின்பக்கம் இலேசாக உதறியது; உடனே ஒன்றைக் குறைத்துவிட்டேன். முன் இடது வீல்தான் இன்னும் முதலில் ஜாம் ஆகிறது.

ஒரு குறை மிச்சம். மூன்றாவது ஓட்டத்தில் மட்டும் பெடலின் தொடக்கத்தில் ஒரு செ.மீ. வெற்று ஓட்டம் வந்தது. அதற்குப் பிறகு வழக்கம் போலக் கெட்டியாகவே இருந்தது. ஆறியதும் தானாகச் சரியாகிவிட்டது.


கப்பலூர் லேத்
திங்கட்கிழமை, காலை 6.40

படித்து மனம் நிறைந்தது, தம்பி. அந்த ஒரு செ.மீ. டிரம்மினால் வருவது. டிஸ்க் சூட்டில் விரிந்தால் பேட்டை நோக்கி விரியும். டிரம் சூட்டில் விரிந்தால் ஷூவை விட்டு விலகி விரியும். இப்போதுதான் உங்கள் பின் டிரம் உண்மையில் வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது. அடுத்த முறை போவதற்கு முன் ஷூவின் இடைவெளியை, சக்கரம் கையில் இலேசாக உரசும்வரை நெருக்கி வையுங்கள்.

ஓட்டம் முடிந்து உள்ளே வரும்போது கடைசிச் சுற்றை பிரேக்கே தொடாமல் மெதுவாக ஓட்டி ஆற்றிவிட்டு வருகிறீர்களா? நிறுத்தியபின் ஹேண்ட் பிரேக் போடுகிறீர்களா?


பசுமலை
திங்கட்கிழமை, காலை 7.15

ஆற்றிவிட்டுத்தான் வந்தேன் அண்ணா. ஹேண்ட் பிரேக்கை மட்டும் பழக்கத்தில் ஒரு முறை இழுத்துவிட்டேன்.


கப்பலூர் லேத்
திங்கட்கிழமை, காலை 7.30

இனி இழுக்காதீர்கள். கொதிக்கும் டிரம்மை ஷூ இறுகப் பிடித்தபடி ஆறவிட்டால், டிரம் வட்டம் கெடும். லைனிங்கின் பசையும் அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். நிறுத்தியபின் மிதித்த காலையும் பெடலிலிருந்து எடுத்துவிடுங்கள். டிஸ்க்கிலும் அதே தழும்பு விழும். பிறகு மிதிக்கும்போதெல்லாம் பெடல் அதிரும், டிஸ்க் வளைந்துவிட்டது என்று ஆட்கள் சொல்வார்கள். பெரும்பாலும் அது வளைவதில்லை. அப்படி ஒட்டிய பேட்டின் தழும்புதான். வண்டி உருளாமல் இருக்க மரக்கட்டை இரண்டு போதும். பட்டறையில் வேங்கைக் கட்டை கிடக்கிறது. சனிக்கிழமை டிரம்மைக் கழற்றிக்கொண்டு வாருங்கள், வட்டம் பார்த்துவிட்டு அதையும் வெட்டித் தருகிறேன்.